நான்கு சாயங்காலம் பின்னால் திருப்பிய சாவி

என் மகளுக்குப் பால்பற்கள் விழுந்து முன்பற்கள் முளைத்தபோது மற்ற அம்மாக்கள் மாதிரி எனக்குச் சந்தோஷம் வரவில்லை. குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவளைப் பிடித்து நிறுத்தி, "ஈ காட்டு" என்றேன். காட்டினாள். "கடி" என்றேன். கடித்தாள். கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நின்றன. அது என் வாய்.

பெட்டிமேல் மூடி உட்காருவதுபோல மேல்வரிசை கீழ்வரிசையை லேசாக மூடி உட்கார வேண்டும். எனக்கு மூடி உள்ளே போய்விட்டது, பெட்டி வெளியே நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கரண்டி' என்று பெயர். சமோசாவை முன்பல்லால் கடித்ததில்லை, கடைவாயில் திணித்துத்தான் கடிப்பேன். 'ஸ'வும் 'ச'வும் என் வாயில் ஒரே மாதிரி வரும். பெண் பார்க்க வந்தவர்களில் நான்கு பேர் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவர்தான் என் வீட்டுக்காரர், அவர் கேசரியையும் சாப்பிட்டார்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்தபோதும் இந்த வாய்தான் என் வேலையை முடிவு பண்ணியது. முதலில் என்னைத் தையலில் போட்டார்கள். கத்தரிக்கோலை மேசையோடு கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள், எங்கேயாவது ஷூவுக்குள் விழுந்து வெளிநாட்டுக்குப் போய்விடக் கூடாதென்று. ஒவ்வொரு தையலுக்கும் அதை எட்டி எடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? எல்லாப் பெண்களும் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். எனக்கு முன்பல் சேராது, நூல் வழுக்கிக்கொண்டு போகும். மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கில் நான் எப்போதும் பின்தங்கினேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு செக்கிங்குக்கு மாற்றினார்கள். அது என் குணத்துக்குத் தோதான இடம். தையல் கோணல், தோலில் சுருக்கம், இரண்டு துண்டுக்கு நடுவே சந்து என்று எது கண்ணில் பட்டாலும் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இடது காலையும் வலது காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜோடி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளை வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்றதும் என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். அவர் வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் தோலை இழுத்துச் சட்டத்தில் மாட்டும் வேலை பார்க்கிறவர். நிதானமான மனுஷன். அவருடைய நிதானம்தான் எனக்குக் கோபம் வருவதற்குப் பாதிக் காரணம்.

"நீ இதே பல்லோடதான என்னை கட்டிக்கின? இன்னா கொறஞ்சி போச்சு இப்ப?" என்றார்.

"நீங்க கட்டிக்கினீங்க. அதுக்கு முன்னாடி காபி குடிச்சிட்டு போனாங்களே நாலு பேரு, அவங்களை போய் கேளுங்க இன்னா கொறஞ்சிச்சுன்னு."

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் வேலூர் பஸ் ஏறினோம்.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். மகள் வாயைப் பார்ப்பதற்கு முன்பே, வணக்கம் சொன்ன என் வாயைப் பார்த்துவிட்டார். படம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார், பிறகு அலமாரியிலிருந்து பிளாஸ்டர் மாவில் செய்த பல் செட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றில் மேல்பல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது, நாம் எத்துப்பல் என்போமே அது. ஒன்றில் மேல்வரிசை கீழ்வரிசையை முழுக்க முழுங்கியிருந்தது, கீழ்ப்பல் இருப்பதே தெரியவில்லை. ஒன்றில் கடைவாய் மூடியிருந்தும் முன்பல் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று தொடவேயில்லை. ஒன்றில் இடமில்லாமல் பல்மேல் பல் ஏறி, ஜோலார்பேட்டையில் பாசஞ்சர் வண்டி வந்ததும் முண்டியடிக்கிற கூட்டமாக நின்றது. கடைசியாக ஒன்றை எடுத்து என் மகள் கையில் கொடுத்தார். அதில் கீழ்வரிசை முன்னால் இருந்தது.

"கீழ்த்தாடை பெருசா வளர்ந்திருக்குன்னு நினைக்கிறீங்க இல்ல?" என்று என்னிடம் கேட்டார். "பாப்பாவுக்கு அப்படி இல்ல. மேல்தாடைதான் குறுகலா, பின்னாடி நிக்குது. இந்த வயசுல மேல் எலும்பு நடுவுல ஒட்டாம இருக்கும். அதை விரிச்சி முன்னாடி கொண்டு வரலாம். பத்து வயசுக்குள்ள பண்ணிட்டா நல்லா கேக்கும். விட்டுட்டோம்னா, வளர்ந்து முடிச்ச பிறகு தாடை ஆபரேஷன்தான்."

"பண்ணா கண்டிப்பா சரியாய்டுமா மேடம்?"

"கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன். பதினாறு பதினேழு வயசு வரைக்கும் தாடை வளரும். ஆனா இப்ப பண்ணலைன்னா அந்த வாய்ப்பும் போயிடும்."

மகளுக்கு அப்போது எட்டரை வயது. நான் வீட்டுக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி என்றேன். அவள் என் வாயோடு வளரக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அடுத்த தடவை போனபோது மேலண்ணத்தில் ஒரு கம்பிக் கருவியை வைத்துக் கடைவாய்ப் பற்களோடு ஒட்டினார்கள். நடுவில் ஒரு சின்ன திருகு, அதில் பொடித் துளை. பிடி போட்ட மெல்லிய கம்பி ஒன்றைச் சாவி என்று என்னிடம் கொடுத்தார்கள். தினம் சாயங்காலம் ஒரு தடவை அந்தத் துளையில் சாவியை விட்டு, தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். திருப்பிய நாளுக்கெல்லாம் ஓர் அட்டையில் டிக் போட வேண்டும். டாக்டர் முன்னாலேயே ஒரு தடவை திருப்பிக் காட்டினேன். "கை நல்லா நிதானமா இருக்கே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சூப்பர்வைசர். மறுநாள் போக வேண்டிய ஷிப்மென்டில் ஒரு அட்டைப்பெட்டி ஜோடி மாறிப் போயிருக்கிறது, யார் பார்த்தது என்று சத்தம். நான் வெளியே வராந்தாவுக்குப் போய், நான் பார்க்கவில்லை என்பதைப் பத்து நிமிஷம் நிரூபித்துவிட்டு வந்தேன். உள்ளே வந்தபோது டாக்டர் என் வீட்டுக்காரரிடம் பேசி முடித்திருந்தார். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் சாவி என்று வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாளே மகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆமென் வருகிறவரைதான் சாவி வராது. ஒரே வரியில் ஜெபம் முடிக்கிற பெண், அப்புறம் டீச்சருக்காக, வேன் டிரைவருக்காக, எதிர்வீட்டு ஆட்டுக்காக, அம்மா கம்பெனியில் வேலை செய்கிற எல்லாருக்காகவும் ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். வீட்டுக்காரருக்கு இரண்டாம் ஷிப்ட், அதனால் நாங்கள் இருவர்தான். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பேன், அவளும் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள்.

"போதும், ஆண்டவருக்கு வேற வேலை இருக்கு. ஆமென் சொல்லு."

"ம்மா, ஆயாவுக்கு மூட்டுவலி, அதை இன்னும் சொல்லல."

திருப்பியதும் மூக்குத்தண்டில் அழுத்துகிறது என்பாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். எச்சில் வழியும், பேச்சு குழறும், சோற்றுப் பருக்கை கம்பிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். என்னிடம் இல்லாத பொறுமை அவளுக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் பார்த்தேன். கேன்டீனில் எதிரே உட்காருகிறவள் வாணியம்பாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், வீட்டில் உருது பேசுகிறவள். பத்து வருஷமாகப் பார்க்கிறேன், அவள் சிரித்தால் கீழ்ப்பல்லே தெரியாது என்பதை அப்போதுதான் கவனித்தேன். டாக்டர் காட்டிய இரண்டாவது செட். சூப்பர்வைசர் முதல் செட். என் வீட்டுக்காரர் கூட்டமாக முண்டியடிக்கிற செட். எங்கள் செக்கிங் மேசையில் எட்டுப் பேர், ஒருத்தி வாய்கூட முறையாக இல்லை. அதைச் சொன்னபோது எதிரே இருந்தவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இன்னாக்கா, எங்க வாயில எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிடுவியா? பேஜார் பண்ணாத, துன்னு."

ஒன்பதாவது நாள் சாயங்காலம் ஆமென் சொல்லிவிட்டு மகள் வாயைத் திறந்தாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மேலே இரண்டு முன்பல்லுக்கும் நடுவில் ஒரு சந்து. நேற்று இல்லாதது. சின்னது அல்ல, ஒரு அட்டையைச் செருகலாம்.

பதினோரு வருஷமாக, ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் சந்தைப் பார்த்தால் திருப்பி அனுப்புகிறவள் நான். சந்து என்றால் அதிகமாக இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தோலில் நான் பார்க்காததா? நானே தினம் திருப்பித் திருப்பிக் குழந்தையின் நல்ல பல்லைப் பிளந்துவிட்டேன். இதுதான் அப்போது எனக்குத் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை.

டாக்டருக்குப் போன் பண்ணியிருக்கலாம். வீட்டுக்காரரைக் கேட்டிருக்கலாம். கேட்டால், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு பார்வை பார்ப்பார். பிடிவாதம் பிடித்துக் கூட்டிப்போனவள் நான், என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் சாவியை எதிர்ப்பக்கமாக விட்டு, தொண்டையிலிருந்து என் பக்கமாக இழுத்தேன். திருகு வந்தது. அட்டையில் ஒரு டிக் போட்டேன்.

"ம்மா, இன்னிக்கு வேற மாதிரி இருந்திச்சு" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. அப்பாகிட்ட சொல்லாத."

மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். நான்கு சாயங்காலம். நான்கு டிக். சந்து கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வேலையில் ஒரே ஜோடியை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். ஜெபத்தில் மகள் ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொண்டே வந்து, "அம்மா பயப்படாம இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

செக்கப் நாளில் டாக்டர் மகளின் வாயில் கண்ணாடியை வைத்து மேலே பார்த்தார். அட்டையை எடுத்து டிக்குகளை எண்ணினார். மறுபடியும் வாயைப் பார்த்தார்.

"டிக் பன்னெண்டு இருக்கு. திருகு அவ்வளவு திறக்கலையே. நடுவுல சந்து இன்னும் பெருசா இருக்கணும். தினமும் திருப்புனீங்களா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு நாள் இரண்டு நாள் விட்டுப்போச்சு என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. மகள் வாயில் கண்ணாடி இருந்தது, அவளால் பேச முடியாது. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி இமைக்காமல் பார்த்தாள். அவளைப் பொய்க்குத் துணைக்கு வைத்துக்கொண்டு நான்கு நாள் ஓட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பின்னாடி திருப்பிட்டேன் மேடம். நாலு நாளு. சந்து வந்துச்சு, பயந்துட்டேன். பல்ல பொளந்துட்டேன்னு நெனச்சேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அந்தச் சந்துக்காகத்தாம்மா இவ்வளவும் பண்றோம். எலும்பு விரியுதுன்னு அதுதான் அடையாளம். அது வரலைன்னாதான் நான் பயப்படணும். அப்புறம் தானா மூடிக்கும். அன்னிக்கே இவர்கிட்ட சொன்னேனே?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஆமா, சொன்னாங்க" என்றார் மெதுவாக. "நடுவுல சந்து வரும், நல்லதுன்னாங்க. நான் உன்கிட்ட சொல்லல?"

அந்த நிமிஷத்தில் அவரை நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் சொல்ல மறந்தவர், நான் கேட்க மறுத்தவள்.

"கெட்டு எல்லாம் போகல" என்றார் டாக்டர். "இன்னிக்கே மறுபடி முன்னாடி திருப்ப ஆரம்பிக்கலாம். ஆனா திருப்பாத நாளுக்கு டிக் போட்டிருக்கீங்க பாருங்க, அது தப்பு. இந்த அட்டையை நம்பித்தான் நான் அடுத்த வேலை பண்ணுவேன்."

கம்பெனியில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தேன். மகள் வாய் கொப்பளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லவேளை சொல்லிட்ட" என்றாள். பெரிய மனுஷி.

அதற்கப்புறம் எல்லாம் நேராகப் போனது. சந்து திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. இந்தத் தடவை நானே அவளைச் சிரிக்கச் சொல்லிப் போனில் படம் எடுத்துக் கேன்டீனில் காட்டினேன். வாணியம்பாடிக்காரி பார்த்துவிட்டு, "சந்து ஜாஸ்தி இருக்கே, ரிஜெக்ட் பண்ணலியா?" என்று கேட்டாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள், நானும்தான். இரண்டு மூன்று மாதத்தில் சந்து தானாக மூடிக்கொண்டது. நடுவில் ஒரு முகக்கருவியும் வந்தது. நெற்றியில் ஒரு மெத்தை, முகவாயில் ஒரு மெத்தை, வாய்க்குள்ளிருந்து இரண்டு ரப்பர், மேல்தாடையை முன்னால் இழுக்க. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள், மாட்டிக்கொண்டே தூங்குவாள். வீட்டுக்காரர் தினமும் ரப்பரை விரலால் சுண்டிப் பார்ப்பார். "இழுத்து அப்படியே உடணும். அவசரப்படக் கூடாது. தோலும் அப்படித்தான்" என்பார். அவர் சொல்வது சரிதான் என்பது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்தவள், "ம்மா, கடிச்சா டக்குன்னு இடிக்குது" என்றாள். பார்த்தேன். முன்பற்கள் நுனியோடு நுனி நின்றன. அடுத்த மாதம் மேல்வரிசை தாண்டி முன்னால் வந்து கீழ்வரிசைமேல் உட்கார்ந்தது. அன்றைக்கு நான் வேலைக்கு லீவு போட்டேன், ஒரு காரணமும் இல்லாமல். மக்கன் பேடா வாங்கி வந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு லேசாக இருந்தது.

கருவியைக் கழற்றிய அன்று டாக்டர் கணினியில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது பக்கம் முதல் நாள் எடுத்தது, வலது பக்கம் அன்றைக்கு எடுத்தது. இரண்டிலும் மகள் சிரிக்கிறாள். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், வளர்ந்து முடிகிறவரை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இந்த வயதில் செய்ய முடிந்ததெல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்றார். "மூஞ்சியே மாறிப்போச்சு" என்று வீட்டுக்காரர் வலது பக்கப் படத்தைத் தொட்டுக் காட்டினார். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது இடது பக்கத்தை. எட்டரை வயது. கீழ்த்தாடை முன்னால் தள்ளி நிற்க, கண் இரண்டும் இடுங்க, முழு வாயையும் திறந்து சிரிக்கிறாள். எவ்வளவு நேரம் பார்த்தும் அந்தப் பிள்ளை முகத்தில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

அந்த வயதில் எனக்கு இரண்டே படங்கள் உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்தில் எடுத்தது, ஒன்று சித்தி கல்யாணத்தில். இரண்டிலும் யாரோ "வாயை மூடு" என்று சொல்லி, உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். சின்ன வயதில் சிரித்தால் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது. முப்பத்தாறு வயதில், வேலூரில் ஒரு டாக்டரின் கணினியில் பார்த்தேன்.

"மேடம், லெஃப்டுல இருக்கிற போட்டோவை எனக்கு அனுப்புறீங்களா?"

"ரெண்டையும் சேர்த்தே அனுப்பறேன்."

"அது மட்டும் தனியா வேணும்."

"அது பழசும்மா" என்றாள் மகள். "புதுசை வாங்கு."

"தெரியும். அனுப்பட்டும்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது படம் வந்தது. நடந்துகொண்டே திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினேன். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா, எல்லாம் சரியாப் போச்சே. எதுக்கு அழுவுற?"

போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"நான் அழகாத்தாங்க இருந்திருக்கேன்" என்றேன்.